பங்கு ஈவின் மகசூல்: கணக்கிடுவது எப்படி?



நிலக்கடலை மூட்டைகளைத் திருவண்ணாமலை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் போட்டுவிட்டுக் கையில் பணத்தோடு திரும்பும் ஒருவரிடம், தேநீர்க் கடையில் பக்கத்தில் இருப்பவர், "ஒரு கம்பெனி 1,375 சதவீதம் டிவிடெண்டு கொடுத்திருக்கிறது, நம் சொசைட்டி பத்து சதவீதம் கொடுக்கவே மூக்கால் அழுகிறது" என்று சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். கேட்டவர் என்ன எண்ணுவார்? ஆயிரம் ரூபாய் போட்டால் ஆண்டுக்குப் பதின்மூன்றாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய் கிடைக்கும் என்றுதான் எண்ணுவார்.

சொன்ன செய்தி பொய்யன்று. ஐ.டி.சி. நிறுவனம் 2023-24ஆம் ஆண்டுக்கு அறிவித்த பங்கு ஈவு உண்மையிலேயே 1,375 சதவீதம் ஆகும். ஆனால் அந்த ஆண்டின் மார்ச்சு மாத இறுதியில் விற்ற விலைக்கு அதன் பங்குகளில் ஆயிரம் ரூபாய் போட்ட ஒருவருக்கு, அதே அளவு ஈவு கிடைத்தாலும் கைக்கு வருவது ஏறத்தாழ 32 ரூபாய்தான். பதின்மூன்றாயிரம் எங்கே, முப்பத்திரண்டு எங்கே! இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி எப்படி வந்தது என்பதை விளங்கிக்கொண்டால், பங்கு பற்றிப் பிறர் சொல்லும் எந்தக் கணக்கையும் நீங்களே ஒரு துண்டுக் காகிதத்தில் சரிபார்த்துவிடலாம். அதற்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முகமதிப்பும் சந்தை விலையும்

ஒரு நிறுவனத்தின் முதலைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்தால் ஒவ்வொரு கூறும் ஒரு பங்கு ஆகும். நிறுவனம் ஈட்டிய லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதே பங்கு ஈவு. இதைத்தான் டிவிடெண்டு என்கிறோம். எல்லா லாபத்தையும் கொடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லாபமே இருந்தாலும் கொடுக்காமல் விடலாம். தொழிலை விரிவாக்க வைத்துக்கொள்ளலாம். வங்கி வைப்புத் தொகைக்கு வட்டி தருவது வங்கியின் கடமை. பங்கு ஈவு அப்படிப்பட்ட கடமை அன்று. இந்த வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பங்குக்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று முகமதிப்பு. பங்கை வெளியிடும்போது அதன் முகத்தில் எழுதிய தொகை இது. 10 ரூபாய், 5 ரூபாய், 2 ரூபாய், 1 ரூபாய் என்று இருக்கும். மற்றொன்று சந்தை விலை. இன்று அந்தப் பங்கை வாங்க நீங்கள் கொடுக்க வேண்டிய பணம். ஐ.டி.சி. பங்கின் முகமதிப்பு முன்பு 10 ரூபாயாக இருந்து 2005-இல் 1 ரூபாயாகப் பிரிக்கப்பட்டது. 2024 மார்ச்சு இறுதியில் அதன் சந்தை விலை ஏறத்தாழ 428 ரூபாய்.

நிறுவனங்கள் பங்கு ஈவைச் சதவீதமாகச் சொல்லும்போது முகமதிப்பின் மீதே கணக்கிட்டுச் சொல்வது வழக்கம். ஐ.டி.சி. 2023-24-க்கு இடைக்கால ஈவாகப் பங்கு ஒன்றுக்கு 6 ரூபாய் 25 காசும், இறுதி ஈவாக 7 ரூபாய் 50 காசும் ஆக 13 ரூபாய் 75 காசு கொடுத்தது. ஒரு ரூபாய் முகமதிப்புக்கு 13.75 ரூபாய் என்றால் அது 1,375 சதவீதம். கணக்கு சரிதான். ஆனால் ஒரு ரூபாய்க்கு அந்தப் பங்கை யாரும் உங்களுக்குத் தரமாட்டார்கள். 2024 மார்ச்சு இறுதியில் 428 ரூபாய் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

நிலத்தை வைத்து ஒரு கணக்கு

நம் ஊர் நிலத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் எளிதாக விளங்கும். கீழே வருபவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். ஒருவரின் தகப்பனார் 1990-இல் அடி அண்ணாமலைப் பக்கம் ஓர் ஏக்கர் மானாவாரி நிலத்தை 40,000 ரூபாய்க்கு வாங்கினார் என்போம். இன்று அதைக் கடலை போடக் குத்தகைக்கு விட்டால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருகிறது. கிரிவலப் பாதைக்கு அருகில் இருப்பதால் அதன் இன்றைய விலை 60 லட்சம் என்கிறார்கள். அதே வளமுள்ள இன்னோர் ஏக்கர் தண்டராம்பட்டுப் பக்கம் 12 லட்சத்துக்குக் கிடைக்கிறது. அதற்கும் குத்தகை 12,000 ரூபாய்தான்.

தகப்பனார் போட்ட 40,000-க்கு 12,000 என்றால் அது 30 சதவீத வருவாய். ஆனால் இன்று 60 லட்சம் கொடுத்து அந்த நிலத்தை வாங்குபவருக்கு அதே 12,000 ரூபாய் வெறும் 0.2 சதவீதம். தண்டராம்பட்டு நிலத்தை வாங்குபவருக்கு 1 சதவீதம். மண் ஒன்று, கடலை ஒன்று, குத்தகையும் ஒன்று. கொடுக்கும் விலை மாறினால் வருவாய் வீதம் மாறிவிடுகிறது. கிரிவலப் பாதை நிலத்தை வாங்குபவர் குத்தகையை நம்பி வாங்குவதில்லை. மேலும் விலை ஏறும் என்று நம்பி வாங்குகிறார். பங்குச் சந்தையிலும் இப்படி இரண்டு வகை நம்பிக்கைகள் உண்டு.

நிலத்தில் குத்தகை எப்படியோ அப்படியே பங்கில் ஈவு. நிலத்தின் இன்றைய விலை எப்படியோ அப்படியே பங்கின் சந்தை விலை. ஈவைச் சந்தை விலையோடு ஒப்பிட்டுச் சொல்லும் சதவீதத்தை 'ஈவு மகசூல்' என்று நாம் வைத்துக்கொள்வோம். பங்குச் சந்தைக்காரர்கள் இதை 'டிவிடெண்டு ஈல்டு' என்பார்கள். ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்பது போல, போட்ட நூறு ரூபாய்க்கு ஆண்டில் இத்தனை ரூபாய் என்பதே அதன் பொருள்.

கணக்கிடும் முறை

ஓர் ஆண்டில் ஒரு பங்குக்குக் கிடைத்த மொத்த ஈவை ரூபாயில் எழுதிக்கொள்ளுங்கள். அதை நூறால் பெருக்குங்கள். வருவதைப் பங்கின் சந்தை விலையால் வகுங்கள்.

ஐ.டி.சி.: 13.75 × 100 ÷ 428 = 3.2 சதவீதம்.

அவ்வளவுதான். முகமதிப்பு இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். செய்தித்தாளில் 'இத்தனை சதவீதம் ஈவு' என்று மட்டும் போட்டிருந்தால், முதலில் முகமதிப்பைத் தெரிந்துகொண்டு அந்தச் சதவீதத்தை ரூபாயாக மாற்றிக்கொள்ள வேண்டும். 10 ரூபாய் பங்குக்கு 50 சதவீதம் என்றால் 5 ரூபாய். 2 ரூபாய் பங்குக்கு 50 சதவீதம் என்றால் 1 ரூபாய்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஈவு தருவதில்லை. நடுவில் இடைக்கால ஈவு ஒன்றோ இரண்டோ தருவார்கள். ஆண்டு முடிந்து கணக்கு தணிக்கையான பிறகு பொதுக்குழுவின் ஒப்புதலோடு இறுதி ஈவு தருவார்கள். ஓர் ஈவை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் மகசூல் குறைவாகத் தோன்றும். மாறாக, போன ஆண்டின் இறுதி ஈவையும் இந்த ஆண்டின் எல்லா ஈவுகளையும் சேர்த்துவிட்டால் கூடுதலாகத் தோன்றும். முதல் அறுப்பு கடலையையும் சென்ற பட்டத்துக் கடலையையும் ஒரே குவியலில் கொட்டி ஏக்கர் மகசூல் சொல்வதைப் போன்றது அது. ஒரு நிதியாண்டுக்கு உரியவற்றை மட்டும் கூட்டுங்கள். அல்லது சரியாகக் கடந்த பன்னிரண்டு மாதங்களில் வந்தவற்றை மட்டும் கூட்டுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

ஈவு கூடியது, மகசூல் பாதியானது

மைய அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியா பங்கின் கதை இதற்கு நல்ல பாடம். அதன் முகமதிப்பு 10 ரூபாய். 2022-23-க்கு அது 15 ரூபாய், 5.25 ரூபாய், 4 ரூபாய் என மூன்று முறையாக 24 ரூபாய் 25 காசு கொடுத்தது. 2023 மார்ச்சு இறுதியில் பங்கின் விலை ஏறத்தாழ 213 ரூபாய். மகசூலைப் போட்டுப் பாருங்கள்: 24.25 × 100 ÷ 213 = 11.4 சதவீதம்.

மறு ஆண்டு 2023-24-க்கு ஈவு 25 ரூபாய் 50 காசாக உயர்ந்தது. மகசூலும் உயர்ந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. 2024 மார்ச்சு இறுதியில் பங்கின் விலை ஏறத்தாழ 434 ரூபாயாகிவிட்டது. 25.50 × 100 ÷ 434 = 5.9 சதவீதம். ஈவு கூடியும் மகசூல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. விலை இரட்டித்ததே காரணம்.

இதில் யாருக்கு நன்மை, யாருக்கு இல்லை என்று பார்ப்போம். 2023 மார்ச்சு இறுதியில் ஒரு லட்சம் ரூபாய்க்கு 469 பங்குகள் வாங்கியவருக்கு 2023-24-க்கு உரிய ஈவு மட்டும் ஏறத்தாழ 11,960 ரூபாய். அவர் போட்ட பணத்தின் மீது அது 12 சதவீதம். விலை ஏறியது அவருக்குக் கூடுதல் லாபம். முன் சொன்ன தகப்பனாரின் நிலை அது. ஓர் ஆண்டு காத்திருந்து, "நன்றாக ஏறுகிறதே" என்று 434 ரூபாய்க்கு வாங்கியவருக்கு ஒரு லட்சத்துக்கு 230 பங்குகள்தான் கிடைத்தன. 2024-25-க்கு கோல் இந்தியா 26 ரூபாய் 50 காசு ஈவு கொடுத்தது. அவருக்கு வந்தது 6,095 ரூபாய். ஆனால் 2025 மார்ச்சு இறுதியில் விலை ஏறத்தாழ 398 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. பங்குக்கு 36 ரூபாய் வீதம் அவருடைய முதலில் குறைந்தது 8,280 ரூபாய். வாங்கிய ஈவைவிடக் குறைந்த முதல் அதிகம்! விற்காமல் வைத்திருந்தால் விலை மீண்டும் ஏறலாம், ஏறாமலும் போகலாம். அடுத்த பட்டத்துக்கு விதையும் உரமும் வாங்க வைத்திருந்த பணமாக அது இருந்தால் காத்திருக்க முடியாது. இறங்கிய விலைக்கே விற்றாக வேண்டும். ஓராண்டுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்கில் போடக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஆகவே மகசூல் என்பது இரண்டு கால்களில் நடக்கும் எண். ஒரு கால் ஈவு, மற்றொரு கால் விலை. மகசூல் உயர்ந்திருந்தால் ஈவு கூடியதாலா, விலை விழுந்ததாலா என்று கேட்காமல் விடக்கூடாது.

முப்பத்தேழு சதவீத மகசூல்

தூத்துக்குடி தாமிர ஆலையால் நம் மாநிலத்தில் பெயர் அறியப்பட்ட வேதாந்தா நிறுவனம் 2022-23-இல் ஐந்து தவணைகளாகப் பங்கு ஒன்றுக்கு 101 ரூபாய் 50 காசு ஈவு கொடுத்தது. 2023 மார்ச்சு இறுதியில் பங்கின் விலை ஏறத்தாழ 274 ரூபாய். மகசூல் 37 சதவீதம்! ஒரு லட்சம் போட்டால் ஆண்டுக்கு 37,000 என்று கணக்குப் போட்டு அப்போது வாங்கியவர்கள் உண்டு.

அவர்கள் பார்க்கத் தவறியது ஒன்று. அந்த ஆண்டில் நிறுவனம் குழும அளவில் ஒரு பங்குக்கு ஈட்டிய லாபம் 30 ரூபாய்க்குள்தான். 30 ரூபாய் சம்பாதித்து 100 ரூபாய் பிரித்துக் கொடுப்பது ஓர் ஆண்டு நடக்கும், ஆண்டுதோறும் நடக்காது. சேமிப்பிலிருந்தோ கடனிலிருந்தோதான் மீதியைக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் உள்ள தாய் நிறுவனத்தின் கடன் சுமைக்குப் பணம் தேவைப்பட்டதே இவ்வளவு ஈவுக்குக் காரணம் என்று அப்போது பரவலாக எழுதப்பட்டது. நம் வீட்டில் விதைக்கடலையை உடைத்துச் சமையலுக்கு எடுத்தால் அந்த மாதம் எண்ணெய்க்குப் பஞ்சம் இருக்காது. ஆனால் ஆடியில் மழை பெய்யும்போது கை வெறுமையாக இருக்கும்.

மறு ஆண்டு 2023-24-இல் வேதாந்தா கொடுத்த ஈவு 18.50, 11 என இரண்டு முறையாக 29 ரூபாய் 50 காசு. ஒரு லட்சத்துக்கு 364 பங்குகள் வாங்கியவர் எதிர்பார்த்தது 36,946 ரூபாய். கிடைத்தது 10,738 ரூபாய். நடுவில் 2023 செப்டம்பரில் பங்கின் விலை 210 ரூபாய் அளவுக்கு இறங்கிப் பின்னர் மீண்டது. பத்தாயிரம் என்பதும் குறைந்த தொகை அன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் முப்பத்தேழாயிரத்தை நம்பிக் கடனுக்குத் தவணை பேசியவரின் நிலை என்ன?

இதிலிருந்து தெரிவது, சென்ற ஆண்டின் மகசூல் வரும் ஆண்டுக்கு வாக்குறுதி ஆகாது என்பதே. மகசூலைப் பார்த்தவுடன் பக்கத்திலேயே இன்னொரு கணக்கையும் போட்டுவிட வேண்டும். ஒரு பங்குக்கு நிறுவனம் ஈட்டிய லாபம் எவ்வளவு, அதில் ஈவாகக் கொடுத்தது எவ்வளவு? பத்து ரூபாய் லாபத்தில் நாலைந்து ரூபாய் கொடுத்தால் நிறுவனம் விதைக்கு வைத்துக்கொண்டுதான் கொடுக்கிறது. ஒன்பது ரூபாய் கொடுத்தால் கொஞ்சம் யோசிக்கலாம். பன்னிரண்டு கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். இந்த விவரங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இருக்கும். பங்குச் சந்தைகளின் இணையதளங்களிலும் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் எடுத்துத் தரும்.

இதே கணக்கு மோசடியைக் கண்டுபிடிக்கவும் உதவுகிறது. நம் வட மாவட்டங்களில் பலரிடம் பணம் திரட்டிய ஆருத்ரா நிறுவனத்தின் மீது 2022-இல் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகக் கூறி ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. மாதம் 30 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 360 சதவீதம். நாட்டின் பெரிய நிறுவனங்கள் நிலக்கரி வெட்டியும் சிகரெட்டு விற்றும் தரும் மகசூல் மூன்று, ஆறு, பதினொன்று என்று இருக்கும்போது, ஒரு தெருமுனைக் கடைக்காரர் 360 எங்கிருந்து தருவார்? இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்த்திருந்தால் பல வீடுகளில் நகை தங்கியிருக்கும்.

சங்கத்தில் உள்ள உங்கள் பங்கு

இப்போது தேநீர்க் கடைக்காரர் குறைபட்டுக்கொண்ட சொசைட்டிக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோர் தெரிந்தோ தெரியாமலோ ஏற்கெனவே பங்குதாரர்கள்தாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க் கடன் வாங்கும்போது கடன் தொகையில் ஒரு சிறு பகுதியைப் பங்குத்தொகையாகப் பிடிக்கிறார்கள் அல்லவா? அதுவே உங்கள் பங்கு. 1904-இல் திருவள்ளூருக்கு அருகில் திரூரில் தொடங்கிய கூட்டுறவுக் கடன் சங்கத்திலிருந்து இன்றுவரை இந்த முறை வளர்ந்து வந்திருக்கிறது. பங்குச் சான்றையோ கணக்குப் புத்தகத்தையோ எடுத்து உங்கள் பெயரில் எவ்வளவு பங்குத்தொகை நிற்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பலர் பார்த்ததில்லை.

கூட்டுறவுப் பங்கைச் சந்தையில் விற்க முடியாது. ஆகவே அதற்குச் சந்தை விலை கிடையாது. முகமதிப்புக்கு வாங்குகிறீர்கள், உறுப்பினர் நிலையிலிருந்து விலகும்போது விதிகளுக்கு உட்பட்டு முகமதிப்பையே திரும்பப் பெறுகிறீர்கள். வாங்கிய விலையும் முகமதிப்பும் ஒன்றாக இருப்பதால், சங்கம் சொல்லும் ஈவுச் சதவீதமே உங்கள் மகசூலும் ஆகும். உங்கள் பெயரில் 5,000 ரூபாய் பங்குத்தொகை இருந்து சங்கம் 10 சதவீதம் ஈவு அறிவித்தால் உங்களுக்கு 500 ரூபாய். 10 என்றால் பத்தேதான். அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. அப்படிப் பார்த்தால் அந்த ஆண்டில் கைக்கு வரும் பணத்தைப் பொறுத்தவரை சங்கத்தின் 10 சதவீதம் ஐ.டி.சி.யின் 1,375 சதவீதத்தைவிட மூன்று மடங்கு பெரியது!

ஆனால் இதோடு நிறுத்தினால் நியாயமாகாது. சங்கப் பங்கின் விலை ஒருநாளும் ஏறாது. இருபது ஆண்டு கழித்தும் அந்த 5,000 ரூபாய் 5,000 ரூபாயாகவே இருக்கும். அதற்குள் விலைவாசி எங்கோ போயிருக்கும். லாபம் வந்தாலும் சட்டப்படி காப்பு நிதிக்கும் பிற நிதிகளுக்கும் ஒதுக்கிய பிறகே ஈவு. ஈவுக்கும் உச்சவரம்பு உண்டு. நட்டத்தில் ஓடும் சங்கம் ஈவு தர இயலாது. வசூலாகாத கடன் ஏறினால் லாபம் போகும். லாபம் போனால் ஈவும் போகும். வாங்கிய கடனைக் கட்டாதவரின் சுமை, தவறாமல் கட்டியவரின் ஈவில்தான் முதலில் தெரிகிறது. ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கும்போது காப்பியும் காராபூந்தியும் வரும் வரை பொறுத்திருந்து எழுந்துவிடாமல், நிகர லாபம் எவ்வளவு, ஈவுக்கு ஒதுக்கியது எவ்வளவு என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வரலாம்.

உரம் தரும் இஃப்கோவும் கூட்டுறவு நிறுவனமே. 1967-இல் தோன்றிய அதன் பங்குதாரர்கள் தனியாட்கள் அல்லர், சங்கங்கள். பல ஆண்டுகளாக அது தன் உறுப்பினர் சங்கங்களுக்கு 20 சதவீத ஈவு கொடுத்து வந்திருக்கிறது. உங்கள் சங்கம் அதில் பங்கு வைத்திருந்தால் அந்த வருமானம் சங்கத்தின் கணக்கில் வரும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் நம் மாவட்டத்திலும் செயல்பட்டு வருகின்றன. 2002-இல் நிறுவனச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் வந்தவை இவை. பெயர் கம்பெனி என்றாலும் இவற்றின் பங்குகளைப் பங்குச் சந்தையில் விற்க இயலாது. இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு இன்னோர் உற்பத்தியாளருக்கு முகமதிப்பில் மாற்றலாம். பங்குத்தொகைக்கு வரையறுத்த அளவு ஈவு மட்டும் தருவார்கள். மீதமுள்ள உபரியை, நீங்கள் நிறுவனத்தோடு எவ்வளவு வாங்கல் விற்றல் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து ஊக்கத்தொகையாகப் பிரிக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆகவே இங்கே ஈவு மகசூலைப் பார்த்து மட்டும் முடிவு செய்வது பொருந்தாது. ஆயிரம் ரூபாய் பங்குக்குக் கிடைக்கும் ஈவு எண்பதோ நூறோ இருக்கலாம். ஆனால் கடலை மூட்டைக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் இருபது மூட்டைக்கு இரண்டாயிரம் ஆயிற்று.

பதிவு நாள்

சந்தைப் பங்குகளில் ஈவு யாருக்கு என்பதை முடிவு செய்ய நிறுவனம் ஒரு நாளைக் குறிக்கும். அதற்குப் பதிவு நாள் என்று பெயர். அன்று பங்குதாரர் பட்டியலில் உள்ளவருக்கே ஈவு. இப்போது வாங்கிய பங்கு மறு வேலை நாளில் கணக்கில் ஏறுகிறது. ஆகையால் பதிவு நாளுக்கு முதல் வேலை நாளிலாவது வாங்கியிருக்க வேண்டும். பதிவு நாளன்றே வாங்கினால் அந்த ஈவு விற்றவருக்குப் போய்விடும்.

"அப்படியானால் முதல் நாள் வாங்கி, ஈவை வாங்கிக்கொண்டு, மறுநாள் விற்றுவிடலாமே?" என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நிற்கும் கடலையோடு ஒரு நிலத்தை விற்பதற்கும், கடலை பிடுங்கிய பிறகு விற்பதற்கும் ஒரே விலையா பேசுவீர்கள்? ஈவுக்கு உரிமை போன அன்று பங்கின் விலையும் ஏறத்தாழ அந்த ஈவு அளவுக்கு இறங்கித் தொடங்குவதே வழக்கம். தரகும் வரியும் போக மிஞ்சுவது ஒன்றும் இராது.

வருமான வரி

"நமக்கு வேளாண் வருமானம்தானே, வரி ஏது?" என்பவர்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும். பங்கு ஈவு வேளாண் வருமானம் அன்று. தேயிலைத் தோட்ட நிறுவனத்தின் பங்கு ஈவாக இருந்தாலும் அன்று! பம்பாயைச் சேர்ந்த பாச்சா குஸ்தார் என்ற பெண்மணி இரண்டு தேயிலை நிறுவனங்களில் பங்கு வைத்திருந்தார். தேயிலை நிறுவனத்தின் வருமானத்தில் 60 சதவீதம் வேளாண் வருமானமாகக் கொள்ளப்படுவதால், தமக்கு வந்த ஈவிலும் 60 சதவீதத்துக்கு வரி கூடாது என்று வழக்காடினார். 1954-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிலத்தோடு நேரடித் தொடர்பு நிறுவனத்துக்குத்தான்; பங்குதாரருக்கு வருவது நிறுவனத்தில் அவர் போட்ட முதலின் பலன் மட்டுமே என்பது தீர்ப்பின் சாரம்.

2020 ஏப்ரல் முதல் ஈவு பெறுபவரின் கையிலேயே அதற்கு வரி. அதற்கு முன் நிறுவனமே ஈவுப் பகிர்வு வரியைக் கட்டிவந்தது. ஒரே நிறுவனத்திடமிருந்து ஓர் ஆண்டில் 10,000 ரூபாய்க்கு மேல் ஈவு வந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு தருவார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 5,000 ரூபாயாக இருந்தது. பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருப்பவர்கள் உரிய உறுதிமொழிப் படிவத்தை முன்கூட்டியே கொடுத்துப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். பிடித்துவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். வரி கட்டுபவராக இருந்தால் மகசூலில் வரி போக எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துத்தான் வங்கி வட்டியோடு ஒப்பிட வேண்டும்.

பரணில் கிடக்கும் பத்திரங்கள்

தாத்தாவோ தகப்பனாரோ வாங்கிய காகிதப் பங்குச் சான்றுகள் சில வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும். 2019 ஏப்ரல் முதல் காகிதச் சான்றாகவே பங்கை வேறொருவருக்கு விற்று மாற்ற முடியாது. வாரிசுரிமையில் பெயர் மாற்றம் செய்ய இயலும், ஆனால் விற்க வேண்டுமானால் டிமேட் கணக்கில் ஏற்றியாக வேண்டும். அந்தச் சான்றுகளுக்கு உரிய ஈவும் சேர்ந்துகொண்டே இருந்திருக்கும். அறிவித்த 30 நாளுக்குள் ஈவு கொடுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். முகவரி மாறியோ வங்கிக் கணக்கு இல்லாமலோ பெறப்படாத ஈவு தனிக் கணக்கில் ஏழு ஆண்டு இருக்கும். அதன் பிறகு மைய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். ஏழு ஆண்டு தொடர்ந்து ஈவு பெறப்படாமல் இருந்தால் பங்கும் அங்கேயே போகும். போனாலும் உரிமை போவதில்லை. அந்த நிதியத்தின் இணையதளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடிப் பார்த்து, நிறுவனத்தின் பதிவாளர் மூலம் சான்றுகளோடு விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். இதற்குக் கட்டணம் எதுவும் அந்த நிதியம் வாங்குவதில்லை; பாதிக்குப் பாதி தந்தால் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வீட்டுக்கு வந்தால், முதலில் நீங்களே ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.